கிணற்று அரசியின் வெள்ளை விரல்கள்

உப்பாற்று நாட்டைச் செண்பகராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்த காலம் அது. ராஜாவைப் பிறகு பார்ப்போம். முதலில் சொல்ல வேண்டிய பெயர், அவன் சபையில் இருந்த திருமேனிராயர். மந்திரி மருதவாணருக்கு முதலில் கெடுதல் செய்தவர் அவர்தான். செய்தவர்கள் மறந்துவிடலாம். பட்டவன் எப்படி மறப்பான்?

அரசி பதுமவல்லி அந்தப்புரக் கிணற்றில் விழுந்து இறந்துபோனாள். கால் தவறியதா, வேறு ஏதாவதா, யாருக்கும் தெரியாது. அவள் ஆசையாய் வளர்த்த செடிகள் மட்டும் முற்றத்தில் தொங்கின. இப்போது ஆர்க்கிட் என்கிறார்களே, அந்தச் செடிதான். மண் கேட்காது. ஒரு கட்டையைப் பற்றிக்கொண்டு, வேரைக் காற்றில் தொங்கவிட்டே வாழும். மலையிலிருந்து அதை அரசிக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் மருதவாணர்.

அரசி அதற்கு எந்தத் தண்ணீர் ஊற்றினாள் என்று யாரும் கேட்டு வைக்கவில்லை. அவளுடைய கடைசி மூச்சு அந்தக் கிணற்றில்தான் இருக்கிறது, அதையே ஊற்றுங்கள் என்று ராஜா சொல்லிவிட்டான். ஊற்றினார்கள். வெளிறிக் கிடந்த வேர்கள், பிணத்தின் விரலில் ரத்தம் ஏறுவதுபோல மெல்லப் பச்சையாயின. ராஜா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். சில சமயம் அவற்றோடு பேசுவான்.

கொஞ்ச நாளில் இலை நுனிகள் கருகின. வேர்கள் சுருங்கின. காற்றே இல்லாதபோதும் அவை அசைவதாகக் காவல்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஒருநாள் அகன்ற இலை ஒன்றில் ஐந்து வெள்ளைக் கோடுகள் தெரிந்தன, யாரோ ஈரக்கையால் தடவிவிட்டுப் போனதுபோல. ராஜா தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தான். இது சின்னக் கை, அவளுடைய கைதான் என்றான். அவன் முகத்தில் சந்தோஷம். பார்த்தவர்களுக்குத்தான் உடம்பு சில்லிட்டது.

ராஜாவின் வலப்பக்க ஆசனத்தின்மேல் திருமேனிராயருக்கு வெகுகாலமாக ஒரு கண். அதில் உட்கார்ந்திருந்தவர் மருதவாணர்.

"மகாராஜா, அரசியார் சும்மா வரவில்லை. தன்னைத் தள்ளியவனைக் காட்டிக்கொடுக்கிறார். இந்தச் செடியை இங்கே கொண்டுவந்தது யார்?" என்றார் ராயர்.

ராஜா திரும்பிப் பார்த்தான். நிறைந்த சபையில், "கொலைகாரன்" என்றான். கடைசி இலை உதிர்வதற்குள் மந்திரி தன்னை நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் அதே கிணறு என்று தீர்ப்பும் ஆயிற்று.

மருதவாணர் வீட்டுக்குப் போனார். குளிக்க வெந்நீர் அண்டாவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே அதே வெள்ளை, கிணற்றுத் தண்ணீர் காய்ந்து படிந்தது. அரண்மனைப் பாத்திரங்களை விடிவதற்குள் புளி போட்டுத் துலக்கிவிடுவார்கள். ராஜா இதை எங்கே பார்த்திருக்கப் போகிறான்? செத்துப்போன அரசி, மந்திரி வீட்டு அண்டாவைத் தடவவா வந்திருப்பாள்?

ஆனால் மனைவி வந்திருக்கிறாள் என்று நம்புகிற ராஜாவிடம் அது தண்ணீரில் உள்ள உப்பு என்று சொன்னால் தலைதான் போகும். அதை ராயர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்.

மறுநாள் மந்திரி மீசைக்குக் கரிய மை பூசிக்கொண்டு வந்தார். இந்த வயதில் யாருக்கு மாப்பிள்ளை ஆகப் போகிறார் என்று சபையில் சிரித்தார்கள். ராயரின் மீசையோ எப்போதுமே மை தீட்டிய மீசை. மந்திரி பணிவாகச் சொன்னார்: அரசியார் குற்றவாளியைத் தொடுகிறவர். கிணற்று நீரை ராயரும் நானும் மீசையில் தடவிக்கொண்டு வெயிலில் நிற்கிறோம். யார்மேல் விரல் விழுகிறதோ அவனே கொலைகாரன்.

மறுத்தால் சந்தேகம் தன்மேல் திரும்பும் என்று ராயர் ஒப்புக்கொண்டார். இருவர் கையிலும் ஆளுக்கொரு சொம்பு. காயக் காயத் தடவிக்கொண்டு நின்றார்கள். உச்சிப்பொழுதில் ராயரின் கரிய மீசையில் வெள்ளை பூக்கத் தொடங்கியது. மந்திரியின் மீசை கறுப்பாகவே இருந்தது.

ராஜா குனிந்து பார்த்தான். "வந்துவிட்டாயா, பதுமா?" என்றான் மெதுவாக. பிறகு கிணற்றைக் காட்டினான். காவலர்கள் ராயரின் தோளைப் பிடித்தார்கள்.

"மகாராஜா, இது வெறும் உப்பு. இந்த ஊரில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தாலும் இப்படித்தான் படியும். எங்கள் வீட்டு அண்டாவிலும் இருக்கிறது" என்று கதறினார் ராயர்.

"அப்படியானால் இலையில் இருப்பது மட்டும் என்ன, ராயரே?" என்றார் மந்திரி.

 உன்மேல் ஏன் படியவில்லை என்று ராஜா மந்திரியைக் கேட்டான்.

"என் சொம்பில் இருந்தது மழைத்தண்ணீர், மகாராஜா. கூரைத் தூசு கழுவிப் போனபிறகு மண்சாடியில் பிடித்தது. மரக்கிளையில் தொங்கும் செடி எந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தது? அது வானத்துத் தண்ணீர் குடித்துப் பழகியது. உப்பை ஊற்றி நாம்தான் அதைக் கொன்றுகொண்டிருக்கிறோம்."

அன்றிலிருந்து மழைநீர் பிடித்துச் செடிக்கு ஊற்றும் வேலை திருமேனிராயருக்கு. மீசையைக் கழுவக் கூடாது என்றும் உத்தரவு. தெருப்பிள்ளைகள் அவரை உப்பு மீசை என்றார்கள். மந்திரிக்கு முத்துமாலையும் பழைய ஆசனமும் கிடைத்தன. செடிகள் தழைத்துப் பூத்தன. சின்னச் சின்ன வாயைத் திறந்து எதையோ சொல்ல வருவதுபோல் இருந்தன அந்தப் பூக்கள்.

ராஜா அவற்றிடம் காதைக் கொடுத்துக் கேட்பான். கேட்டுவிட்டு மருதவாணரை ஒரு பார்வை பார்ப்பான். மந்திரி கொடுக்கும் தண்ணீரை வாங்கிக் கீழே வைப்பானே தவிர, குடிக்க மாட்டான்.

கொலைகாரன் என்று சபையில் சொன்ன அந்தச் சொல்லை, அதே சபையில் ராஜா திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். மந்திரி கேட்டதெல்லாம் அவ்வளவுதான். மாலைக்குமேல் மாலை வந்தது. அது மட்டும் வரவில்லை. இன்றுவரை பாக்கி.