எல்லாக் கொடியும் கட்டிய ராயர்

ஏரிகள் நிறைந்து கிடந்த காலம் ஒன்றில், செங்கழுநீர் நாட்டைச் செண்பகவழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. பட்டத்து யானைக்கு மணி கட்டச் சொல்வார். பொழுது சாய்வதற்குள் சத்தம் தாங்கவில்லை என்று அவிழ்க்கச் சொல்வார்.

அந்தப் புத்தி ஒருநாள் நல்ல திசையில் போனபோது செய்த காரியம்தான் சுவடிக்கூடத்துக் கொடிகள். நாட்டின் சுவடிகளெல்லாம் அங்கே இருந்தன. கேட்டு வருகிறவர், எதற்குக் கேட்கிறார் என்பதைக் கொடியால் காட்ட வேண்டும். வெள்ளை என்றால் படிக்கலாம், அவ்வளவுதான். சிவப்பு என்றால் எழுதலாம். சிவப்போடு பச்சை சேர்ந்தால், கடைசி ஏட்டுக்குப் பின்னால் மட்டும் எழுதலாம். முன்னால் உள்ளதைத் தொடக்கூடாது. சிவப்போடு கருப்பு சேர்ந்தால், பழைய ஏடுகளை உருவி அடுப்பில் போட்டுவிட்டு வெற்று ஏடுகளைக் கோத்துக் கொடுப்பார்கள். அந்தப் பெயரில் சுவடியே இல்லையென்றால் புதிதாகக் கட்டித்தர நீலம். நீலத்தோடு மஞ்சளும் சேர்ந்தால் புதுச் சுவடி மட்டும்தான். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் வாசலிலிருந்தே வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். கணினிக்கு நிரல் எழுதும் என் மருமகளிடம் இதைச் சொன்னேன். “ஒரு கோப்பைத் திறக்க நாங்களும் இதே கொடிகளைத்தான் காட்டுகிறோம் மாமா” என்று சிரித்தாள்.

கூடத்தைக் காத்தவள் கொற்றி, குயவர் வீட்டுப் பெண். அரண்மனைக்குப் பானை கொண்டுவந்தவளுக்கு எழுத்து தெரிந்திருந்ததைப் பார்த்து ராஜாவே வேலையில் அமர்த்தினார். அவையின் மூத்தவரான மங்கலராயருக்கு அன்று தொடங்கிய வயிற்றெரிச்சல்.

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஏரியின் தண்ணீர் எந்த நாளில் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பது ஏரிச்சுவடியில் எழுதியிருந்தது. ஒன்பது ஊர் வயல்கள் அதை நம்பித்தான் பிழைத்தன. மேல்மடை ஓரத்தில் இருந்த ராயரின் பாக்குத்தோட்டத்துக்குப் பத்து நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர். ராயருக்கு அது தினமும் வேண்டும்.

ஒருநாள் அவையில் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“மகாராஜா, ஏரிச்சுவடியைப் படித்தேன். நெஞ்சு வெந்துவிட்டது. முந்நூறு ஏட்டில் ஒன்றில்கூட உங்கள் பெயர் இல்லை.”

“இல்லையா?” ராஜாவின் முகம் தொங்கிப்போனது.

“அடியேனிடம் கொடுங்கள். ஏட்டுக்கு ஏடு உங்கள் புகழ் மணக்க எழுதித் தருகிறேன்.”

ராஜா உருகிவிட்டார். “கொற்றி, ராயர் காட்டும் கொடிப்படி சுவடியைக் கொடு. நீயாக மறுத்தாலும் உன் வேலை போகும், கொடியின் முறையை மீறினாலும் போகும்.”

ராயர் கொற்றியின் கொடிக்கூடைக்குள் கைவிட்டுச் சிவப்பையும் கருப்பையும் எடுத்தார். கொற்றி அந்தக் கருப்புக் கொடியைப் பார்த்தாள். பழைய ஏடுகள் அடுப்பில் விழுந்தால் கீழ்மடை ஊர்கள் தண்ணீருக்கு எதைக் காட்டி நியாயம் கேட்கும்? ஆனால் பயத்தைக் குரலில் காட்டவில்லை.

“இரண்டு போதுமா ஐயா?”

“ஏன் கேட்கிறாய்?”

“போன வாரம் யானைக்கொட்டில் மேற்பார்வையாளரே மூன்று கொடியோடு வந்தார். நீங்கள் அவரைவிடப் பெரியவராயிற்றே.”

அவையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராயரின் மீசை துடித்தது. “எல்லாக் கொடியையும் கட்டு.”

“ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை உண்டு ஐயா. யோசித்துச் சொல்லுங்கள்.”

“எனக்கு நீ யோசனை சொல்கிறாயா? இந்த நாட்டில் எனக்கில்லாத உரிமை எது? கட்டு.”

ஆறு கொடிகளையும் ஒரு கோலில் கட்டிக் கொடுத்தாள். ராயர் திருவிழாத் தேர் போல அசைந்து அசைந்து சுவடிக்கூடத்துக்கு நடந்தார். பின்னாலேயே ராஜாவும் அவையும். கொற்றி வாசலில் நின்று கொடிகளைப் பார்த்துவிட்டுக் கைகூப்பினாள்.

“சுவடி கிடைக்காது ஐயா.”

“பார்த்தீர்களா மகாராஜா, மறுக்கிறாள்.”

“நான் மறுக்கவில்லை. உங்கள் நீலமும் மஞ்சளும் மறுக்கின்றன. ஏரிச்சுவடி ஏற்கெனவே இருக்கிறதே.”

“கருப்பும் இருக்கிறதே. பழையதை எரித்துவிட்டுக் கொடு.”

“கருப்புக் கொடியைச் சுவடிப் பெட்டி திறந்த பிறகுதான் பார்க்க வேண்டும். நீலமும் மஞ்சளும் வாசலிலேயே பார்க்க வேண்டியவை. அவை தடுத்துவிட்டால் பெட்டியைத் தொடக்கூடாது. வாசற்கல்லில் மகாராஜா வெட்டிவைத்த முறை.”

ராஜா குனிந்து கல்லைப் படித்தார். “ஆமாம், அப்படித்தான் இருக்கிறது. நன்றாகவே எழுதியிருக்கிறேன்” என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

ராயர் அவசர அவசரமாக நான்கு கொடிகளைப் பிடுங்கி எறிந்தார். “சிவப்பும் கருப்பும் போதும். இப்போது கொடு.”

“கொடுக்கிறேன். அதற்கு முன் மகாராஜாவிடம் ஒன்று கேட்க வேண்டும். புகழைச் சேர்த்து எழுதச் சிவப்பும் பச்சையும் போதுமே. பழைய தண்ணீர் முறையை எதற்காக எரிக்க வேண்டும்?”

ராஜா கீழே கிடந்த பச்சைக் கொடியை எடுத்து நீட்டினார். “ராயரே, கருப்புக் கொடியைக் கொடுத்துவிட்டு இதைப் பிடியும்.”

ராயரின் கை நீளவில்லை. ராஜாவுக்குப் புத்தி மாறுமே தவிர, புத்தி இல்லாமல் இல்லை.

“உம்முடைய பாக்குத்தோட்டம் எந்த மடையில் இருக்கிறது?”

“மேல்மடை, மகாராஜா” என்றார் ராயர், தரையைப் பார்த்தபடி. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“இனி ஓராண்டுக்கு உமக்கு வெள்ளைக் கொடி மட்டும். தினமும் காலையில் ஏரிக்கரையில் நின்று, அன்று எந்த ஊருக்குத் தண்ணீர் என்று உரக்கப் படியும். கொற்றி, உனக்கு என்ன வேண்டும்?”

“அந்தக் கருப்புக் கொடியை ஒன்பதாகக் கிழித்து ஊருக்கு ஒரு துண்டு கொடுங்கள் மகாராஜா. ஒன்பதையும் ஒன்றாகத் தைத்துக் கொண்டுவந்தால்தான் ஏரிச்சுவடியை எரிக்கலாம்.”

“எனக்கு ஒரு துண்டுகூட இல்லையா?”

கொற்றி ராயரின் கோலிலிருந்து கருப்புக் கொடியை அவிழ்த்து ராஜாவிடம் நீட்டினாள். ராஜா கடகடவென்று சிரித்தார். “சரிதான். கொஞ்சம் முன்னால் நானே தலையாட்டினேனே” என்று தன் கையாலேயே கொடியைக் கிழித்தார்.

மறுநாள் விடிந்ததும் ஏரிக்கரையில் ராயர் சுவடியைப் பிரித்து முணுமுணுவென்று படிக்கத் தொடங்கினார். கடைக்கோடி ஊரிலிருந்து வந்த பெண்கள் கையைக் காதருகே வைத்துக்கொண்டு நின்றார்கள்.

“கொஞ்சம் சத்தமாப் படிங்க ஐயா,” என்றாள் ஒருத்தி, “இன்னைக்கு எங்க ஊரு முறை.”