குன்றிமணி சொன்ன உத்தியோகம்

மாந்துறை நாட்டு மன்னர் மழவராயருக்கு ஒரு நாள் சந்தேகம் வந்தது, தம் அரண்மனையில் யாரும் அவரவருக்கு ஏற்ற வேலையில் இல்லையோ என்று. காரணம் இல்லாமல் இல்லை. தளபதிக்குக் குதிரை என்றால் நடுக்கம். தலைமைச் சமையற்காரரோ கரண்டியை வாள்போல் சுழற்றிக்கொண்டிருந்தார். அரசரைச் சிரிக்கவைக்கும் உத்தியோகத்தில் இருந்தவன் சொக்கேசன். அரசர் கடைசியாக எப்போது சிரித்தார் என்பது அவனுக்கே நினைவில்லை.

வடதேசத்திலிருந்து ஒரு பண்டிதர் வரவழைக்கப்பட்டார். மனத்தை அளந்து, இன்னாருக்கு இன்ன வேலை என்று சொல்வது அவர் தொழில். அவர் கேள்வி கேட்பார். ‘ஆம்’ என்றால் குடத்தில் குன்றிமணி போட வேண்டும். ‘இல்லை’ என்றால் புளியங்கொட்டை. பிறகு எண்ணிப் பார்த்து உத்தியோகத்தைச் சொல்லுவார்.

“தலை நரைத்தபின் என்ன வேலைக்கு லாயக்கு என்று பரீட்சையா?” என்று சபையில் முணுமுணுத்தார்கள்.

“இப்போதாவது தெரிய வேண்டாமா?” என்றார் அரசர். “பொய்ப் பதில் சொன்னவர் யானைக் கொட்டடியில் சாணி அள்ள வேண்டும்.”

தளபதி தோட்டத்துக்கு மாற்றப்பட்டார். ரோஜாக்களுக்கு நடுவில் வாழ்க்கையில் முதல் முறையாகப் பாட்டு முணுமுணுத்தார். சமையற்காரர் படைக்குப் போனார். படையும் மகிழ்ந்தது, சாப்பிட்டவர்களும் மகிழ்ந்தார்கள்.

சொக்கேசன் முறை வந்தது. “கேட்டதற்கு உள்ளதைச் சொல்லிவிட்டு வாங்க,” என்றாள் அவன் மனைவி திரிபுரை.

“உள்ளதைச் சொன்னால் இருக்கிற வேலையும் போய்விடும். இந்தப் பண்டிதன் வாயிலிருந்து எனக்கு வேண்டிய பதிலை வரவழைக்கிறேன், பார். நான் யார்?”

“அதைத்தானே அவரும் கண்டுபிடிக்க வந்திருக்கிறார்,” என்றாள் திரிபுரை.

விருந்தைக் கண்டால் மனம் துள்ளுமா என்று பண்டிதர் கேட்டார். சொக்கேசன் புளியங்கொட்டையைப் போட்டான். பண்டிதர் அவன் வயிற்றை ஒரு முறை பார்த்துக்கொண்டார். பகலில் தூங்கப் பிடிக்குமா? புளியங்கொட்டை. பொன்மேல் ஆசை உண்டா? புளியங்கொட்டை. யாராவது புகழ்ந்தால் மகிழ்ச்சி வருமா? அதற்கு இரண்டு போட்டான், தன்னடக்கம் நன்றாகத் தெரியட்டும் என்று.

மறுநாள் சபையில் பண்டிதர் எழுந்தார். “அரசே, என் அனுபவத்தில் இப்படி ஒரு மனிதரைக் கண்டதில்லை. உணவில் ஆசையில்லை, பொன்னில் ஆசையில்லை, புகழில் ஆசையில்லை. இவருக்கு ஏற்ற தொழில் ஒன்றுதான். துறவு.”

சபை கைதட்டியது. அரசரே காவித்துணியை எடுத்துக் கொடுத்தார். “இத்தனை நாள் உன்னை இங்கே அடைத்து வைத்துவிட்டேனே, சொக்கேசா! காட்டுக்குப் போய் நிம்மதியாக இரு.”

பொய் என்று ஒப்புக்கொண்டால் யானைச்சாணி. ஒப்புக்கொள்ளாவிட்டால் காடு. கெட்டிக்காரத்தனத்தால் இவ்வளவு நேர்த்தியாகத் தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொண்டவன் மாந்துறையில் வேறு யாருமில்லை. வீட்டுக்கு வந்தால் கதவு சாத்தியிருந்தது. “துறவிக்கு வீடு ஏது சுவாமி?” என்று உள்ளேயிருந்து திரிபுரையின் குரல் வந்தது. கூடவே நெய்த்தோசை வாசனையும் வந்தது.

அந்த வாசனையில்தான் அவனுக்கு யோசனை பிறந்தது.

அரசர் சொக்கட்டான் ஆட உட்கார்ந்தார். காவியோடு சொக்கேசன் நுழைந்தான். துறவி வந்தால் அரசர் எழ வேண்டும், பாதம் கழுவ வேண்டும், தம் ஆசனத்தில் அமர்த்த வேண்டும். அது அந்த நாட்டு முறை. அரசர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், கழுவினார். சாப்பிட உட்கார்ந்தார்; துறவி வந்தார். படுக்கப் போனார், துறவி வந்தார்.

“காட்டுக்குப் போகச் சொன்னேனே!”

“துறவிக்கு யாரும் ஆணையிட முடியாது, குழந்தாய்,” என்றான் சொக்கேசன். உள்ளுக்குள் அவனும் வெந்துகொண்டிருந்தான். துறவிகளுக்கு அரண்மனையில் உப்பில்லாத கஞ்சிதான் ஊற்றினார்கள். அதுவும் அரசர் இலையில் அப்பளம் நொறுங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே குடிக்க வேண்டியிருந்தது. இருவரில் யார் முதலில் விழுவார் என்பதுதான் கேள்வி.

நல்ல வேளையாக அரசரின் முழங்கால் முதலில் விழுந்தது. மறுநாள் சபையிலேயே கைகூப்பிவிட்டார். “சுவாமி, என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். பழைய வேலைக்கே வந்துவிடுங்கள்.”

“இந்தச் சபையில் பொய் சொன்ன ஒருவனை மன்னிக்க வேண்டும்.”

“யாரது?”

“முதலில் மன்னியுங்கள். பிறகு ஆளைக் காட்டுகிறேன்.”

“மன்னித்தேன்!”

சொக்கேசன் காவியைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாஷ்டாங்கமாக விழுந்தான். அரசர் பண்டிதர் பக்கம் திரும்பினார். “உம்முடைய சோதனை ஏமாந்துவிட்டதே!”

“அரசே, என் சோதனை நெஞ்சுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை,” என்றார் பண்டிதர். “குடத்தில் விழுந்ததைத்தான் எண்ணுகிறது. இந்த முறை உண்மையைப் போடச் சொல்லுங்கள்.”

இந்த முறை சபைக்கு நடுவிலேயே சோதனை நடந்தது. விருந்து? குன்றிமணி. பகல் தூக்கம்? குன்றிமணி. புகழ்ச்சி? ஒரு கைப்பிடி. சொந்த வேலையைப் பிறர் தலையில் கட்டுவீரா, பிறர் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பீரா, எதிர்த்துப் பேசினால் கோபம் வருமா? குடம் சிவந்துவிட்டது.

பண்டிதர் எண்ணினார். மறுபடி எண்ணினார்.

“சொல்லும். என்ன உத்தியோகம்?” என்றார் அரசர்.

“இந்தக் குணங்கள் அத்தனையும் சேர்ந்தால்... என் சாத்திரத்தில்... ஒரே ஒரு உத்தியோகம்தான் வருகிறது, அரசே.” பண்டிதரின் விரல் சிங்காசனத்தைக் காட்டியது.

அரசரின் கை மீசைக்குப் போனது. சொக்கேசன் அந்தக் கையைப் பார்த்தான். கழற்றிப் போட்ட காவியைப் பாய்ந்து எடுத்தான். இடுப்பில் சுற்றிக்கொண்டே வாசலை நோக்கி ஓடினான்.

“காடு எந்தப் பக்கம், அரசே?”

மழவராயர் சிரித்தார். சிரித்துச் சிரித்து, வலிக்கிற முழங்காலிலேயே தட்டிக்கொண்டார். “திரும்பி வாடா! உன் பழைய வேலை உனக்குத்தான். இன்றைக்குத்தான் அதை ஒழுங்காகச் செய்திருக்கிறாய்.”

“அப்படியானால் இந்தக் காவியை எறிந்துவிடட்டுமா, அரசே?”

“வேண்டாம். மடித்து இங்கே வை. நாளைக்குப் பண்டிதர் என்னைச் சோதிக்கிறார்.”