முள்ளங்கி முத்திரை

முன்னொரு காலத்தில் மஞ்சனூரைக் கொடிமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனுஷர், கோபம் மட்டும் மூக்குநுனியில். கதைப்படத் தாள்கள் என்றால் அவருக்கு உயிர். கட்டம் கட்டமாகக் குற்றம் நடக்கும், கடைசிக் கட்டத்தில் தண்டனை விழும். ஒருநாள், "எப்போதும் தண்டனைதானா? நான் வலது கையைத் தூக்கி மன்னிக்கிற மாதிரி ஒரு படம் அச்சடியுங்கள். ஊரெல்லாம் ஒட்டலாம்" என்றார்.

மரக்கட்டையில் படம் செதுக்கும் குப்பாண்டிக்கு அந்த வேலை வந்தது. மேற்பார்வைக்கு வந்தவர் அரண்மனை அதிகாரி சங்கநாதர். ராஜா ஒருமுறை குப்பாண்டியைப் பாராட்டியதிலிருந்து அவருக்கு வயிற்றெரிச்சல்.

"யோவ், ராஜாவுக்கு எதுக்கு இடது கையைத் தூக்கி வைக்கிறே?"

"சாமி, கட்டையில இடதா இருந்தாத்தான் தாள்ல..."

"எதிர்த்துப் பேசாதே! நேராச் செதுக்கு!"

பாவம், குப்பாண்டி நேராகவே செதுக்கினான். தாளில் ராஜா இடது கையால் மன்னித்துக்கொண்டிருந்தார். சபையே வாயைப் பொத்திக்கொண்டது.

"நான் நேராகத்தான் செதுக்க வைத்தேன், பிரபு! அச்சடிக்கும்போது இவன்தான் திருட்டுத்தனமாக மாற்றிவிட்டான்" என்றார் சங்கநாதர்.

"வெட்டுங்கள் இவன் வலது கையை!" என்று கத்தினார் ராஜா.

குப்பாண்டி அந்தக் கையை மார்போடு அணைத்துக்கொண்டான். அவன் பிழைப்பு முழுக்க அந்தக் கையில்தான் இருந்தது.

மந்திரி அறவாழி மெல்ல எழுந்தார். "ஆணைத்தாளில் முத்திரை வேண்டுமே, அரசே. முத்திரை மோதிரமோ மெருகுக்குப் போயிருக்கிறது. அச்சு வேலையில் சங்கநாதரை மிஞ்ச ஆளில்லை. ஒரு முள்ளங்கியில் தங்கள் பெயரைச் செதுக்கித் தரட்டும்."

சங்கநாதருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. முள்ளங்கியை நறுக்கி, 'கொடிமாறன்' என்று நேராக, அழகாகச் செதுக்கினார். குங்குமக் குழம்பில் தோய்த்துத் தாளில் ஒத்தினார்.

ராஜா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்த ஊர் எழுத்தய்யா?"

"தங்கள் பெயர்தான், அரசே" என்றார் மந்திரி. "நேராகச் செதுக்கினால் தாளில் இப்படித்தான் திரும்பி விழும். குப்பாண்டி சொல்லியிருப்பான், கேட்கத்தான் ஆளில்லை. மன்னிப்புப் படத்துக்குக் கை வெட்டினால் கடைசிக் கட்டத்தில் எதை வரைவது?"

ராஜா வெட்கப்பட்டுச் சிரித்தார். உடனே சங்கநாதர் பக்கம் திரும்பி, "அப்படியானால் வெட்டவேண்டியது உன் கையை!" என்றார்.

"வேணாம் சாமி" என்று குப்பாண்டி குறுக்கே விழுந்தான். "கை போயிருமோன்னு இப்பத்தான் பதறிப்போனேன். அது யாருக்கும் வரவேணாம்."

ராஜாவின் கண் கலங்கிவிட்டது. தன் முத்துமாலையைக் கழற்றிக் குப்பாண்டியின் வலது கையிலேயே சுற்றினார். சங்கநாதருக்கு ஒரு வருஷம் குப்பாண்டியின் பட்டறையில் மை அரைக்கும் வேலை.

மறுநாளே குப்பாண்டி புதுக்கட்டை எடுத்தான். ராஜாவுக்கு இடது கையைத் தூக்கி வைத்தான். மை அரைத்துக்கொண்டிருந்த சங்கநாதர் அதைப் பார்த்து, "யோவ், இட..." என்று வாயெடுத்தார். சட்டென்று மூடிக்கொண்டு, இன்னும் மும்முரமாக அரைத்தார்.