எல்லையில்லாத நட்பு

கொன்றைநாடு என்று ஒரு நாடு இருந்தது. வடக்கே மலையரசு, தெற்கே பெருவளநாடு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பல்லைக் கடிக்கும் பெரிய ராஜ்ஜியங்கள். நடுவில் மாட்டிக்கொண்ட கொன்றைநாட்டுக்கு இருந்ததெல்லாம் நல்ல மிளகு, ஒரு கிழட்டு யானை, சேதிராயர் என்ற ராஜா. இந்த மூன்றில் மிளகுக்குத்தான் வெளியே மரியாதை.

ஒரு நாள் பெருவளநாட்டுத் தூதர் பிரமராயர் சபைக்கு வந்தார். பட்டுத் துணியில் சுற்றிய ஓலையைப் பிரித்து உரக்க வாசித்தார்.

“இன்று முதல் பெருவளநாட்டுக்கும் கொன்றைநாட்டுக்கும் இடையே எல்லையில்லாத நட்பு நிலவும்!”

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “எல்லையில்லாத நட்பா! எனக்கா!” என்று கையெழுத்துப் போட எழுத்தாணியை எடுத்தே விட்டார்.

சபையில் வேடிக்கை பேசுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற சேந்தன் ராஜாவின் காதருகே குனிந்தான்.

“மகாராஜா, தெற்கே ஓடும் ஆற்றுக்கு அந்தக் கரையில் இவர்களுடைய யானைப்படை வந்து நிற்கிறதாம்.”

ராஜா தூதரைப் பார்த்தார். “யானைகள் எதற்கு?”

“ஊர்வலத்துக்கு” என்றார் பிரமராயர், தேனொழுக. “படை என்று பார்த்தால் படை. ஊர்வலம் என்று பார்த்தால் ஊர்வலம். பகை என்பதே பார்க்கிற கண்ணில்தானே இருக்கிறது, மகாராஜா!”

சேந்தன் மறுபடி குனிந்தான். “இன்றைக்கு எல்லையில்லாதது நட்பு என்பார்கள். நாளைக்கு அதே ஓலையைப் பிரித்து, எல்லையே இல்லை என்பார்கள். எல்லை இல்லாவிட்டால் அந்த யானைகள் எங்கே வந்து நிற்கும்? உங்கள் படுக்கையறை வாசலில்.”

ராஜா எழுத்தாணியைக் கீழே வைத்தார். தூதரை விருந்துக்கு அனுப்பிவிட்டு, ராஜதந்திரத்தைக் கரைத்துக் குடித்த தம் மந்திரிகள் இருவரையும் கூப்பிட்டார்.

“உலகத்தில் ராஜாக்களுக்கெல்லாம் மேலே ஒரு ராஜா கிடையாது” என்று ஆரம்பித்தார் மூத்த மந்திரி வல்லபராயர். “அடிபட்டால் போய் முறையிட இடம் கிடையாது. ஆகவே பலம் ஒன்றுதான் துணை. நம் பலத்தைப் பெருக்க வேண்டும்!”

“எத்தனை நாளில்?”

“ஒரு தலைமுறை போதும்.”

“சுத்தத் தப்பு!” என்று எழுந்தார் இளைய மந்திரி குணதரர். “கொடுக்கல் வாங்கல் இருக்கும் இடத்தில் போர் வராது. அவர்கள் வைக்கிற ரசத்தில் நம் மிளகு கொதிக்கிறது. மிளகு விற்கிறவனை யாராவது அடிப்பார்களா?”

“அடித்தால் மிளகு சும்மா கிடைக்குமே, சுவாமி” என்றான் சேந்தன்.

மந்திரிகள் இருவரும் ஆளுக்கொரு சுலோகத்தை எடுத்துவிட, ராஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. பாவம், ஆசனத்தின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

“சரி என்றால் நாடு போகும். முடியாது என்றால், நட்பை அவமதித்தான் என்று படையோடு வருவார்கள். சேந்தா! ‘சரி’ என்றும் சொல்லக்கூடாது, ‘முடியாது’ என்றும் சொல்லக்கூடாது. தூதர் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் வழி பண்ணு. இல்லாவிட்டால் முதல் யானை உன் வீட்டு வழியாகத்தான் வரும்!”

“நாம் ஏன் சொல்ல வேண்டும், மகாராஜா? அவர் வாயாலேயே சொல்ல வைப்போம்.”

பிரமராயர் வெற்றிலை மென்றபடி திரும்பி வந்தார். சேந்தன் பணிவாகக் கும்பிட்டான்.

“பிரபு, உங்கள் நட்பை நினைத்தாலே கண் கலங்குகிறது. சின்னச் சந்தேகம். எல்லை இல்லாத நட்பென்றால், எங்கள் ஆடுகள் உங்கள் அரண்மனைத் தோட்டத்தில் மேயலாமா?”

மென்ற வெற்றிலை வாயில் ஒரு கணம் நின்றது. தம் ஓலையைத் தாமே மறுக்க முடியுமா? “மேயட்டும்” என்றார்.

“எங்கள் எருமைகள் உங்கள் மகாராணி நீராடும் குளத்தில் இறங்கலாமா?”

தூதர் கஷ்டப்பட்டு விழுங்கினார். “இறங்கட்டும்.”

“ஆகா, பெரிய மனசு!” சேந்தன் எழுத்தரிடம் திரும்பினான். “ஐயா, இந்த ஓலையை எழுத்து மாறாமல் இன்னொரு படி எடும். மலையரசுக்கு அனுப்ப வேண்டும்.”

“மலையரசுக்கா? அவர்களுக்கு எதற்கு?” தூதரின் குரல் உயர்ந்தது.

“எங்கள் மகாராஜா பாரபட்சம் பார்க்காதவர். தெற்கே கொடுத்ததை வடக்கேயும் கொடுத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். பாருங்கள், மலையரசுக்கும் எங்களுக்கும் நடுவில் எல்லை இல்லை. எங்களுக்கும் உங்களுக்கும் நடுவில் எல்லை இல்லை. ஆக, மலையரசுக்கும் உங்களுக்கும் நடுவிலும் இல்லை! அவர்களுடைய குதிரைப்படை நேராக வந்து உங்கள் மகாராஜாவின் தோட்டத்தில் காற்று வாங்கலாம். எங்கள் ஆடுகள் துணைக்கு இருக்கும். யாரங்கே! வடக்கே போகிற ஆள் தயாரா?”

பிரமராயர் எழுந்தே விட்டார். முகம் வெற்றிலைச் சாற்றைவிடச் சிவந்தது.

“நிறுத்தும்! என்ன, விளையாடுகிறீரா? எதற்கும் ஓர் எல்லை உண்டு!”

சேந்தன் எழுத்தாணியை இரண்டு கைகளாலும் ஏந்தி அவர் முன்னே நீட்டினான்.

“அதைத்தான் எழுதித் தரச் சொல்கிறோம், பிரபு.”

எழுதினார். வேறு என்ன செய்வார்? ஆறே எல்லை, அதை யாரும் தாண்டுவதில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். வந்த யானைகள் அந்தக் கரைக் கரும்பையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு, வந்த வழியே திரும்பின.

சேதிராயர் வயிறு குலுங்கச் சிரித்தார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சேந்தனுக்குப் போட்டார். அதற்குள் மந்திரிகள் எழுந்துவிட்டார்கள்.

“பார்த்தீர்களா? தெற்கின் பலத்தை வடக்கின் பலத்தைக் காட்டி நிறுத்தினோம். பலம்தான் எல்லாம் என்று நான் அப்போதே சொன்னேன்!” என்றார் வல்லபராயர்.

“பலமா? ஒரு வாள் உருவவில்லையே! பேச்சும் உடன்படிக்கையும்தான் காப்பாற்றின. அதை நானல்லவா சொன்னேன்!” என்றார் குணதரர்.

ஒருவர் சால்வையை ஒருவர் பிடித்து இழுக்கும் அளவுக்குப் போய்விட்டது. ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“சேந்தா, இந்த இரண்டு பேரில் யார் சொல்வது சரி?”

“இரண்டு பேர் சொல்வதும் சரிதான், மகாராஜா” என்றான் சேந்தன். “தூதர் போன பிறகு.”