மடிப்புக் கலையாத போர்வை

நல்லசிவம் அன்றைக்கு மடத்துக்கு வந்தபோது விரல் நகமெல்லாம் பச்சை. முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. சட்டைப் பித்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். சாமியைக் கும்பிடக்கூட மறந்துபோய் அப்படியே கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார்.

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நல்லசிவத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. சாமிக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. ஆனால் என்ன, உபதேசம் வாங்கிய நாளிலிருந்து நல்லசிவத்துக்கு அவர் சாமிதான். சாமிக்கு நல்லசிவம் அண்ணாச்சிதான்.

"என்ன அண்ணாச்சி, கையெல்லாம் பச்சை?"

"தோட்டம் போட்டேன் சாமி. நாறிப் போச்சு."

கதை இதுதான். நல்லசிவத்தின் மனைவி கோமதிக்கு ஆனி மாதம் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் சரியில்லை, ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்துத்தான் வரும். கொல்லைப்புறச் செடிகளே கதி என்று கிடந்தவள் அவள். இப்போது படுத்த இடத்திலிருந்து பார்த்தால் ஒரு பீரோவும் காலண்டரும்தான். மனிதருக்குப் பொறுக்கவில்லை. எங்கோ ஓர் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் பார்த்த ஞாபகத்தில், கட்டிலுக்கு எதிரே ஒரு கண்ணாடித் தொட்டியை வாங்கி வைத்தார். மீன் வளர்க்க இல்லை. தண்ணீருக்குள்ளே கோமதிக்கு ஒரு தோட்டம் போட.

வாழ்நாளில் மீன்தொட்டி பக்கம் போகாதவர். ஆனாலும் எவ்வளவு நுணுக்கமாகச் செய்தார் தெரியுமா! செடி மண்ணைப் பின்னால் மேடாகவும் முன்னால் சரிவாகவும் பரப்பினார், தூரத்தில் மலை இருக்கிற மாதிரி. ஆற்றிலிருந்து உருண்டைக் கல் பொறுக்கி வந்து வேகவைத்துக் கழுவினார். வளைந்த மரக்கட்டை ஒன்றில் அனுபியாஸ் என்ற நீர்ச்செடியை நூலால் கட்டினார். அதன் வேரை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். கல்லுக்கும் கட்டைக்கும் நடுவே வெள்ளை மணலில் ஓர் ஒற்றையடிப் பாதைகூடப் போட்டார். தண்ணீர் மீனுக்கு ஏற்றதாகும் வரைக்கும் வாரக்கணக்கில் பொறுத்திருந்து, அப்புறம்தான் தோட்டத்துக்கு அழகுக்காக நாலைந்து மீன் விட்டார். கோமதி முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, கோணிய வாயோடு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவர் தொட்டியைத் தலையில் சுமந்துகொண்டு ஊரைச் சுற்றச் சொன்னாலும் சுற்றியிருப்பார்.

பத்துப் பதினைந்து நாளில் தண்ணீர் பச்சையாகத் திரும்பிவிட்டது. கல் தெரியவில்லை, பாதை தெரியவில்லை. கோமதி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தினமும் பாதித் தண்ணியை மாத்துதேன் சாமி. வாளி வாளியாத் தூக்கி இடுப்பு விட்டுப்போச்சு. மறுநாள் திரும்பவும் பச்சை. அவ இந்தப் பக்கம் திரும்பவே மாட்டேங்கா. ஒரு தோட்டம்கூட உருப்படியாப் போட்டுக் குடுக்கத் தெரியலையேன்னு இருக்கு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இங்க வந்து தியானத்துல உக்காந்தாலும் கண்ணு சொக்குது. நான் எங்க சாமி தப்புப் பண்ணேன்?"

"கடைக்காரர் என்ன சொன்னார்?"

"வெளிச்சம் அதிகமாகி, தண்ணியில பாசி பிடிச்சிருக்குன்னாரு. தொட்டியை ஒரு கெட்டித் துணியால மூடி, மூணு நாள் இருட்டுல போடணும்னாரு."

"மூடினீங்களா?"

"எப்படிச் சாமி மூட? அவ எதைப் பார்ப்பா?"

"இப்ப எதைப் பார்க்காங்க?"

நல்லசிவம் சொன்னார்: "சுவத்தை."

சாமி கீரைக்கட்டை எடுத்து வைத்தார். கையைக் கழுவினார். "வாங்க, உங்க தோட்டத்தைப் பார்ப்போம்" என்று கிளம்பிவிட்டார். நல்லசிவம் எழுந்து பின்னால் ஓடினார். வீட்டில் பால்கூட இல்லையே என்ற கவலைதான் முதலில் வந்தது.

மத்தியான நேரம். வெளியே வெயில் காய்ந்தாலும், ஜன்னலைச் சாத்தியிருந்த அந்த அறைக்குள் தொட்டிக்கு மேலே விளக்கு பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. அது கல்யாண வீட்டு வெளிச்சம். கோமதி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலைமாட்டு ஸ்டூலில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் அதற்குள் ஒரு ஸ்பூனும் இருந்தன. கட்டில் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் முதுகில் நல்லசிவத்தின் துண்டு.

"விளக்கை எப்ப அணைப்பீங்க?" என்று கேட்டார் சாமி.

"அணைக்கிறதே இல்லை சாமி. ராத்திரி முழிச்சான்னா இருட்டைப் பார்க்கக் கூடாதுல்லா? பயந்துருவா."

"நீங்க எங்க படுப்பீங்க?"

"எனக்கென்ன, இந்த நாற்காலிதான். அவளுக்கு ஏதாவது வேணும்னா?"

சாமி டம்ளரைக் காட்டினார். "இது?"

"கூப்பிடணும்னா ஸ்பூனால தட்டச் சொல்லி ஆஸ்பத்திரி நர்சம்மா குடுத்தாங்க. தட்டினதே இல்லை. நான்தான் முழிச்சுட்டே இருக்கேன்லா." அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"ஒத்தாசைக்கு ஆள் வச்சா என்ன?"

"நான் கல்லுக்குண்டாட்டம் இருக்கும்போது எதுக்குச் சாமி ஆளு?" என்று சொன்ன கல்லுக்குண்டு, சொல்லி முடிப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டது.

சாமி சிரிக்கவில்லை. "உங்க போர்வையைக் கொண்டாங்க" என்றார்.

நல்லசிவம் பீரோவைத் திறந்து தேடினார். அடித்தட்டில் கிடந்தது, சலவைக்குப் போய் வந்த மடிப்போடு. பாச்சை உருண்டை வாசம் அடித்தது. சாமி அதைக் கையில் வாங்கி மடிப்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"எத்தனை நாளாச்சு பிரிச்சு?"

"அவ விழுந்ததுல இருந்து பிரிக்கலை."

சாமி போர்வையை உதறினார். மடித்த கோடுகள் கட்டம் கட்டமாக அப்படியே நின்றன. தொட்டி விளக்கின் சுவிட்சை அணைத்தார். நல்லசிவம் பதறி ஓடி வந்தார்.

"சாமி, வேண்டாம்! மீனெல்லாம் பட்டினி கிடக்கும்..."

"கடைக்காரர் தாங்கும்னாரா, தாங்காதுன்னாரா?"

"தாங்கும்னுதான் சொன்னாரு. ஆனா கோமதி..."

அதற்குள் சாமி போர்வையைத் தொட்டியின் மேல் விரித்துவிட்டார். நான்கு பக்கமும் இழுத்துவிட்டு, வெளிச்சம் நுழையாமல் ஓரங்களைச் செருகினார். அறை மங்கியது. தண்ணீர் மோட்டாரின் முணுமுணுப்பு மட்டும் போர்வைக்குள்ளே கேட்டது. ஆசை ஆசையாகப் போட்ட தோட்டம், இப்போது பார்த்தால் ஒரு மூட்டை. குருவாயிருந்தால் மட்டும் இப்படி எடுத்தெறிந்து செய்துவிடலாமா என்றுகூட நல்லசிவம் ஒரு கணம் நினைத்துவிட்டார்.

அப்போதுதான் கட்டில் கிரீச்சிட்டது.

கோமதி திரும்பிக்கொண்டிருந்தாள். இடக்கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக, மூச்சு வாங்க வாங்க இந்தப் பக்கம் திரும்பினாள். நல்லசிவம் ஓடிப்போய்த் தோளைத் தாங்கினார். அவள் கண்ணைத் திறந்து அறையைப் பார்த்தாள். இருட்டைப் பார்த்தாள்.

"இங்கேருங்க... வெளக்கு... போச்சா?"

"போகலை கோமதி. சாமிதான் அணைச்சிருக்காங்க. இதோ, இப்பப் போட்டுருதேன்."

"வேண்டாம்." அந்த ஒரு சொல் மட்டும் இழுக்காமல், வெட்டினாற்போல வந்தது. அப்புறம் திரும்பவும் இழுவைதான். "கண்ணு... கூசிச்சு. தூக்கமே... இல்லை."

சுவிட்சுப் பக்கம் திரும்பிய நல்லசிவம் நின்றுவிட்டார். பச்சைத் தண்ணீருக்காக அவள் முகத்தைத் திருப்பவில்லை என்பது அவருக்கு மெல்ல மெல்லத்தான் உறைத்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா, தாயி?"

கோமதி அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஆசையா... வச்சீங்க."

அதற்கு மேல் மனிதரால் தாங்க முடியவில்லை. கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்து அழுதார். கோமதி இடக்கையால் அவர் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். தடவிக்கொண்டிருந்த கை கொஞ்ச நேரத்தில் நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்து, குறட்டைகூட வந்தது. அந்தக் குறட்டையைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

சாமி ஸ்டூலை இழுத்து, டம்ளரையும் ஸ்பூனையும் கோமதியின் இடக்கை எட்டும் இடத்தில் வைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினார். நல்லசிவம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

"சாமி, இந்த மூணு நாளும் நான் என்ன செய்யணும்? தண்ணி மாத்தணுமா?"

"தொட்டியை ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"அப்ப நான் என்னதான் செய்ய? என் போர்வையையும் அதுக்குப் போட்டுட்டீங்க."

சாமி தோளில் கிடந்த காவித் துண்டை எடுத்தார். அகலமான துண்டு, விரித்தால் ஓர் ஆளை மூடும். அன்று காலையில்தான் துவைத்து உலர்த்தியது. அதை நான்காக மடித்து நல்லசிவத்தின் கையில் வைத்தார்.

"நாலாம் நாள் தொட்டியைத் திறந்துட்டு, இதை மடத்துல கொண்டாந்து குடுங்க."

"துவைச்சுத் தேய்ச்சுக் கொண்டாரேன் சாமி."

"கசங்காம வந்தா வாங்க மாட்டேன் அண்ணாச்சி."