தேதி இல்லாத பேச்சு

காலை ஏழு மணி. கட்சித் தலைவர் ஆறு முறை திருப்பி அனுப்பிய ஒரு பேச்சுடன் தணிகைவேல் ஆசானின் வாசலில் நின்றார்.

ஆசானின் பெயர் சூசை. இரண்டு தலைவர்களுக்குப் பேச்சு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒருநாள் பேனாவை மூடி வைத்தவர். தணிகைவேலைவிட நான்கு வயது இளையவர்.

"எழுத்து வர மாட்டேங்குது ஆசானே."

"தலைவர் என்ன சொல்றாரு?"

"இன்னும் உருக்கமா வேணுமாம்."

ஓடைக்கரை வீடுகளை இடிக்கப் போகிறார்கள். அதற்கு முன், இன்று மாலையே தலைவர் அங்கே பேச வேண்டும். கேட்டவர்கள் அமைதியாக வீடு திரும்ப வேண்டும்.

"படிங்க அண்ணே."

தணிகைவேல் படித்தார். கைதட்டல் வர வேண்டிய இடங்களில் சிவப்புக் கோடு போடுவது அவர் வழக்கம். அங்கெல்லாம் நிறுத்தினார்.

ஆசான் கொட்டாவி விட்டார்.

"என் வீட்டை யாரும் இடிக்கலையே. எனக்கு எதுக்குப் படிக்கிறீங்க? ஓடைக்கரையில போய்ப் படிங்க."

"தலைவர் பேச வேண்டியதை நான் எப்படி..."

"எழுதினது நீங்கதானே?"

தணிகைவேல் போனார். மதியம் கழிந்து திரும்பினார். செருப்பெல்லாம் சேறு.

"படிச்சீங்களா?"

"குழாயடியில படிச்சேன். தண்ணி பிடிக்க வந்தவங்க நின்னு கேட்டாங்க."

"கை தட்டினாங்களா?"

"கோடு போட்ட இடத்துல எல்லாம்."

"அப்புறம் என்ன குறை?"

"முடிச்சதும் ஒரு அம்மா குடத்தை இறக்கி வெச்சாங்க. 'பேச்சு நல்லாத்தான் இருக்கு. என்னைக்கு இடிக்கிறாங்க? அதைச் சொன்னா சட்டி பானையையாவது முன்னாடியே எடுத்துருவோம்'னாங்க."

"பேச்சுல தேதி இல்லையா?"

"முதல்ல எழுதினதுல இருந்துச்சு. தலைவர் அடிச்சிட்டாரு. அந்த இடத்துல உருக்கமா ஏதாவது போடுன்னாரு."

"உங்களுக்குத் தேதி தெரியும்."

"தெரியும்."

"அந்த அம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

தணிகைவேல் தாளை நான்காக மடித்தார்.

"சாயங்காலம் தலைவர் சொல்வாருன்னு சொன்னேன்."

ஆசான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி மூணு. கூட்டம் ஏழு மணிக்கு. ஓடைக்கரைக்கு வழி உங்களுக்குத் தெரியும்" என்றார் ஆசான்.

"தேதி வெளிய போனா நான்தான் சொன்னேன்னு தெரிஞ்சிரும். தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வேலை வாங்கித் தந்ததே தலைவர்தான்."

ஆசான் எழுந்து கதவை அகலத் திறந்து வைத்தார்.

தணிகைவேலின் செல்போன் ஒலித்தது. கட்சி அலுவலகம்.

"தலைவர் ஏழாவது தடவையா எழுதித் தரச் சொல்றாராம்" என்றார் தணிகைவேல்.

"எந்தப் பக்கம் போறீங்க அண்ணே?"

தணிகைவேல் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

அக்டோபர் 17, காலை ஐந்தரை மணிக்கு ஓடைக்கரையில் 212 வீடுகள் இடிக்கப்பட்டன. இயந்திரங்கள் வந்தபோது பெரும்பாலான வீடுகளில் ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.