பேனரில் ஏழாவது படம்

பூவராகன் மடத்துக்கு வந்து குரு ஞானத்தம்மாளின் எதிரே உட்கார்ந்து, ஒரு பொன்னாடையைத் தரையில் வைத்தார். அந்த மடத்தில் பொன்னாடை வாங்குகிற வழக்கமே கிடையாது.

"எனக்கா?" என்று கேட்டார் ஞானத்தம்மாள்.

"இல்லம்மா. திரும்பி வந்தது."

பூவராகனுக்கு அறுபத்தைந்து வயது. குரு அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஊரில் விழா என்றால் மைக் பிடிப்பதிலிருந்து பந்தல் பிரிப்பது வரை பூவராகன்தான். தப்பு நடந்தாலும் பூவராகன்தான்.

அன்று படைவீரர் நினைவு நாள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர்ப் பையன்கள் ஏழு பேர் ஒன்றாக எல்லைப் போருக்குப் போனார்கள். ஆறு பேர் திரும்பவில்லை. திரும்பிய ஒருவர் இருதயராஜ். வருஷா வருஷம் அழைப்பார்கள். அவர் வந்ததே இல்லை. இந்த முறை பூவராகன் வீட்டுக்கே போய்க் கையைப் பிடித்துக் கெஞ்சிச் சம்மதம் வாங்கியிருந்தார்.

"பேனர்ல தப்பாயிருச்சும்மா. ஆறு பேருக்கு அஞ்சலி, இவருக்குப் பாராட்டுன்னு எழுதித்தான் குடுத்தேன். அடிச்சவன் ஏழு படத்தையும் ஒரே வரிசையில வச்சு, மேல 'வீரவணக்கம்'னு போட்டு, ஆளுக்கொரு மாலை, கீழ விளக்கு..."

"இருதயராஜுக்குமா?"

"அவருக்கும்தான்."

ஊரே பதறிவிட்டது. உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போட்டால் பதறாமல் என்ன செய்யும்? இருதயராஜின் மகள் பூவராகனை வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

"அவரு என்ன செஞ்சாரு?"

"கிட்டப் போய் நின்னாரும்மா. ஒவ்வொரு படத்து மேலயும் விரலை வச்சுப் பேரு சொன்னாரு. கடைசியில தன் பேரையும் சொன்னாரு. அப்புறம், 'எல்லாரும் இருக்கோம்'னாரு."

"பிறகு?"

"பந்தல்காரர்கிட்ட கத்தி வாங்கி அவரு படத்தை மட்டும் அறுத்து எடுத்துட்டேன். 'வேண்டாம், விடுங்க'ன்னாரு. நமக்குச் சங்கடம் வேண்டாம்னு சொல்றாருன்னு நெனச்சேன். உடனே பொன்னாடையைப் போத்தினேன். அதை மடிச்சு என் கையிலயே குடுத்துட்டு, வெயில்ல தனியா நடந்து போயிட்டாரு."

பூவராகன் தரையில் கிடந்த பொன்னாடையை ஓரமாகத் தள்ளினார்.

"எழுபது வயசும்மா அவருக்கு. இந்த வருத்தத்தோட அவரு போயிரக் கூடாது. செத்தவங்களோட சேத்து வச்சதுக்கு எப்படி மன்னிப்பு கேக்குறது?"



"அறுத்த படம் எங்க?"

பூவராகன் பையிலிருந்து எடுத்து நீட்டினார். தூக்கிப்போட மனசு வரவில்லை என்றார். மீசை சரியாக முளைக்காத முகம், தலையில் ராணுவத் தொப்பி, கழுத்தில் அச்சடித்த மாலை.

அம்மாள் எழுந்து சமையற்கட்டுக்குப் போனார். அரிசி மூட்டை தைக்கிற கோணி ஊசியையும் சணலையும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

"முதல்ல இதைப் பேனர்ல அதே இடத்துல தச்சுட்டு வாங்க. அப்புறம் அவரு வீட்டுக்குப் போகலாம்."

பூவராகன் ஊசியையே பார்த்தார்.

"உயிரோட இருக்கிற மனுஷனை, தெரிஞ்சே நான் அவங்களோட சேக்குறதாம்மா?"

"நீங்க எங்க சேக்குறீங்க, பூவராகன்? அம்பது வருஷமா அவரு அங்கதான் நிக்குறாரு."